வானவில் டொலரும் நாணயச் செம்மலும்

ஒஸ்லோவில், ரொம்சோஸ் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தபோது, உதயகுமாரி மூன்றாவது தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் அவருடைய கணவர் கபிலன். ட்ராம் ஓட்டுவது கபிலனுக்கு வேலை, துப்பறிவது ஆசை. மனைவிக்கு அது நேர்மாறு. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பல வருட வேலை. ஆசையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு தோசையைச் சூடாகச் சாப்பிடுவதுதான்.

வாசலில் நின்றவள் யதுர்ஷா. அதே கட்டடத்தில் பிறந்து வளர்ந்தவள். அழுது முடித்துவிட்டு, இனி அழுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்ட முகம்.

"அன்ரி, நான் ஒண்டும் எடுக்கேல்லை."

"முதல்லை உள்ளுக்கு வா," என்றார் உதயகுமாரி. "எடுக்கேல்லை எண்டதை இருந்துகொண்டும் சொல்லலாம்."

யதுர்ஷாவுக்குப் பழைய நாணயங்கள் என்றால் சிறுவயதிலிருந்தே பித்து. வரலாறு படித்தாள், அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் உழைத்தாள், கடைசியில் நகர நடுவில் உள்ள ஓர் ஏல நிறுவனத்தின் நாணயப் பிரிவில் வேலை கிடைத்தது. நாளை திங்கட்கிழமை முதல் நாள். நாணயப் பிரிவில் வேலை செய்கிறவர் கையில் ஒரேயொரு காசு காணாமல் போனது என்று பேச்சு வந்தாலே போதும். அதன்பிறகு அந்தக் கையை எந்த ஊரிலும் யாரும் நம்பமாட்டார்கள்.

பேச்சைக் கிளப்பியவர் மகேந்திரராசா.

அவரைத் தெரியாத தமிழர் ஒஸ்லோவில் இருக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஸ்கண்டிநேவியத் தமிழ் நாணயவியல் பேரவையின் நிறுவனரும் தலைவரும் ஆயுட்காலப் போஷகரும் அவரே. உறுப்பினர்களில் பாதிப்பேர் அவருடைய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். அதனால் தீர்மானங்கள் எப்போதும் ஏகமனதாக நிறைவேறும். நேற்று ரொம்சோஸ் மண்டபத்தில் அவருடைய அமெரிக்க நாணயக் கண்காட்சியும், அவருக்கு 'நாணயச் செம்மல்' பட்டமளிப்பும் நடப்பதாக இருந்தது. பட்டத்தைத் தெரிவுசெய்தவர் அவர். பொன்னாடையை வாங்கியவர் அவர். வாழ்த்துரையை எழுதியவரும் அவர். வாசிப்பதற்கு மட்டும் வேறொருவரைப் பிடித்திருந்தார்.

"நடுவிலை வைக்கிறதுக்கு எண்டு ஒரு டொலர் வைச்சிருக்கிறார் அன்ரி," என்றாள் யதுர்ஷா. "மோர்கன் டொலர், வெள்ளி. கார்சன் சிற்றி எண்ட இடத்திலை 1889-ஆம் ஆண்டு அடிச்சது. வலு அருமை. அதுவும் அது துணிப்பைக்குள்ளை காலம்காலமாய்க் கிடந்து, வெள்ளியிலை நிறம் ஏறினது. நீலம், ஊதா, ஓரத்திலை பொன். அந்த நிறத்துக்குத்தான் விலை."

"அது களவு போட்டுதோ?" கபிலன் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"மண்டபத்திலை எல்லாருக்கும் முன்னாலை பெட்டியைத் திறந்து, டொலரை எடுத்து உயர்த்திக் காட்டினார். பளபளவெண்டு வெள்ளையாய் இருந்தது. நேற்று அடிச்ச காசு மாதிரி. ஒரு நிறமும் இல்லை. அவர் பேயறைஞ்ச மாதிரி நிண்டார். பிறகு மைக்கிலையே சொல்லிப்போட்டார், மாத்திப்போட்டாங்கள், இது போலி எண்டு. போன திங்கட்கிழமை அவற்றை வீட்டை போய்ப் படம் எடுத்தது நான். டொலர் கிடக்கிற பிளாஸ்ரிக் மூடியைத் திறந்த ஆள் நான் ஒருத்திதான் எண்டு சொல்லுறார்."

கண்காட்சி அந்த இடத்திலேயே நின்றது. மற்றத் தட்டுகளை யாரும் திறக்கவேயில்லை. மாலையில் மகேந்திரராசா ஏல நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: உங்கள் புதிய ஊழியரின் நேர்மை பற்றிப் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு, முழு விவரமும் ஞாயிறு மாலை பேரவையின் அவசரக் கூட்டம் முடிந்ததும் அனுப்பப்படும்.

"அங்கத்தை மனேஜர் எனக்கு மெசேஜ் போட்டவ. நாளைக்கு வாறதுக்கு முதல் இதுக்கு ஒரு முடிவு தெரியவேணுமாம்." யதுர்ஷா கைகளைப் பிசைந்தாள். "அம்மா சொல்லுறா, மன்னிப்புக் கேட்டு விசயத்தை முடி எண்டு. செய்யாததுக்கு என்னெண்டு அன்ரி மன்னிப்புக் கேக்கிறது? கேட்டால் செய்தது எண்டெல்லோ ஆகும்."

"அந்த டொலரைக் கிட்டப் பார்த்தனியோ?"

"விடேல்லை. தடயமாம். பிஸ்கட் தகரப் பேணிக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறார்."

"அவருக்கு உன்னிலை முதலே கோவம் ஏதும் இருந்ததோ?"

"படம் எடுக்கப் போன அண்டைக்கு, டொலரிலை இருக்கிற பொம்பிளை லிங்கனின்ரை மனிசி எண்டு ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னனான், இல்லை மாமா, அவ அன்னா வில்லியம்ஸ், பிலடெல்பியாக்காரி, பிறகு ரீச்சராய் இருந்தவ எண்டு. அதுக்குப் பிறகு அவர் என்னோடை கதைக்கேல்லை."

உதயகுமாரி அவளுடைய மடிக்கணினியில் படங்களைப் பார்த்தார். டொலர் உண்மையிலேயே வானவில்லைத் தட்டையாக்கி வட்டமாக வெட்டியது போலத்தான் இருந்தது. பெரிதாக்கியபோது அந்த அமெரிக்க மாதின் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, நெல்மணி போலச் சரிந்த ஒரு சிறு வடு தெரிந்தது. மற்றப் படங்களையும் ஆறுதலாகப் பார்த்தார். ஒரு தட்டு நிறையப் பழைய செப்புக் காசுகள். எல்லாம் நல்ல கறுத்த சொக்லேட் நிறம்.

"இவை என்ன விலை போகும்?"

"அந்தப் பெரிய சதங்களோ? பெரிசா ஒண்டுமில்லை அன்ரி. ஒண்டுக்கு ஒரு பீட்சா வாங்கலாம்."

"ஆர் பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுவந்தது?" என்று கேட்டார் கபிலன்.

"சாய் அண்ணா. பேரவைச் செயலாளர். தன்ரை காரிலை."

கபிலன் மனைவியைப் பார்த்த பார்வையில் வழக்கு முடிந்திருந்தது.

பின்னேரம், யதுர்ஷாவையும் கூட்டிக்கொண்டு, மகேந்திரராசா இருக்கும் பியோர்ண்டாலுக்குப் போகும் வழி முழுக்க, ட்ரெயினிலும் பிறகு பஸ்ஸிலும், கபிலன் சாயின் குற்றத்தைப் படிப்படியாக நிரூபித்துக்கொண்டு வந்தார். காரில் தனியாக வந்திருக்கிறான். நாணயம் தெரிந்தவன். போலியை எங்கே வாங்கலாம் என்பதும் தெரிந்திருக்கும். முன்னிருக்கையில் இருந்த நாய் ஒன்று அவரைக் கவனமாகக் கேட்டது.

"எல்லாம் சரியப்பா," என்றார் உதயகுமாரி. "ஆனா நீங்கள் கள்ளன் எண்டால், நிறம் இருக்கிற காசை எடுத்துப்போட்டு நிறமில்லாததை வைப்பீங்களோ? திறந்த உடனை பிடிபடும்."

"அவசரத்திலை செய்திருப்பான்."

"இவ்வளவும் திட்டம் போட்டவர் அதுக்கு மட்டும் அவசரப்பட்டவரோ?"

கபிலன் ஆதரவு தேடி நாயைப் பார்த்தார். அது யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

மகேந்திரராசாவின் வீடு எல்லாவற்றையும் காப்பாற்றும் வீடு. சோபாக்களுக்குப் பிளாஸ்ரிக் உறை, தொலைக்காட்சி ரிமோட்டுக்கு இன்னொரு உறை. சுவரில் அவருடைய பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் லேமினேற் செய்யப்பட்டுத் தொங்கின. அவற்றின் நடுவில், அதே போல இரண்டு பிளாஸ்ரிக் தாள்களுக்கிடையே சூடுகாட்டி ஒட்டப்பட்டு, மார்த்தா வாஷிங்டனின் முகம் போட்ட பழைய ஒரு டொலர் நோட்டும் தொங்கியது. யதுர்ஷா அதைக் கண்டதும் கண்களை மூடிக்கொண்டாள். பூசை அறை வாசலில் நின்ற குத்துவிளக்கில் உதயகுமாரி தன் முகத்தைப் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்யக்கூடியதாக இருந்தது.

பேரவை உறுப்பினர்கள் அவசரக் கூட்டத்துக்கு ஏற்கனவே வந்து, பிளாஸ்ரிக் சத்தம் வராமல் அசையாது இருந்தார்கள்.

"வாங்கோ தங்கச்சி, வாங்கோ," என்று மகேந்திரராசா எழுந்து வந்தார். வேட்டி, கோட், கழுத்தில் நேற்றுப் போர்த்த முடியாமற் போன பொன்னாடை. "நீங்கள் காப்புறுதி எண்டு கேள்விப்பட்டனான். இவ்வளவு கெதியிலை வருவீங்கள் எண்டு நினைக்கேல்லை."

"அண்ணை, நான் காப்புறுதியிலை வேலை செய்யிறது உண்மை. ஆனா இண்டைக்கு லீவு. இந்தப் பிள்ளைக்காக வந்தனான்."

முதல் வசனத்துக்குப் பிறகு எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "ஒரு புதுக் கார் விலை," என்றார் கம்பீரமாக. "ஒரு அமெரிக்கன் கேட்டவன். நான் குடுக்கேல்லை. அமெரிக்காவிலை இதுகளைச் சோதிச்சுத் தரம் போட்டுப் பெட்டியிலை அடைச்சுத் தாற கொம்பனியள் இருக்கு. அனுப்பச் சொன்னவை. நான் அனுப்பேல்லை. எனக்குத் தரம் போட அவங்கள் ஆர்?"

"போலி எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் மேடம்." சென்னையிலிருந்து வந்து மென்பொருள் வேலை பார்க்கும் சாய், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க முன்னால் வந்தார். கபிலன் அவருடைய கால்களைச் சந்தேகத்துடன் நோக்கினார். அவற்றில் குற்றமில்லாத காலுறைகள் மட்டுமே இருந்தன. "பார்த்தவுடனே தெரிஞ்சுது. இவ்வளவு பளபளப்பு அசல்ல வராது. அப்புறம் எழுத்து இடுக்குல எல்லாம் வெள்ளையா ஒரு பவுடர். அச்சு வார்த்த பிளாஸ்டர். டுப்ளிகேட்ல அது அப்படியே தங்கிடும். கிளாசிக் கேஸ்."

"எடை போட்டுப் பாத்தனீங்களோ?"

"என் கண்ணே தராசு மேடம்."

"மற்றக் காசுகள்?"

"காலைல ஒண்ணு விடாம செக் பண்ணிட்டேன். எல்லாம் பர்ஃபெக்ட். இதப் பாருங்க." கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார். "1840கள்ல அடிச்ச செப்புச் சதம். நேத்துதான் அச்சுலேர்ந்து விழுந்த மாதிரி இருக்கு. இந்த கண்டிஷன்ல உலகத்துலயே கிடைக்காது."

வரிசை வரிசையாகச் செப்புக் காசுகள், கோவிலுக்கு வாங்கிய புதுக் குடம் போல இளஞ்சிவப்பாய் ஒளிர்ந்தன. மகேந்திரராசா பெருமையுடன் தலையாட்டினார். அவர் அந்தத் தட்டைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. தான் நின்று படம் எடுத்துக்கொள்ளாத காசுகளை அவர் பார்ப்பதில்லை.

உதயகுமாரி தட்டையும் பார்த்தார், குத்துவிளக்கையும் பார்த்தார். யதுர்ஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதயகுமாரி அவளைப் பார்த்து, இல்லையென்று தலையை ஒருதரம் மெல்ல ஆட்டினார்.

பிஸ்கட் பேணி திறக்கப்பட்டது. டொலரை ஓரத்தில் பிடித்து, எழுத்து இடுக்கில் இருந்த வெள்ளைப் பொடியை நகநுனியால் எடுத்து, உதயகுமாரி மணந்து பார்த்தார்.

"மேடம், அது தடயம்," என்றார் சாய்.

"ஓம், நல்ல தடயம்," என்றார் அவர். "அக்காவைக் காணேல்லை?"

"ஆர், சிறிதேவியோ?" மகேந்திரராசாவுக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "அவ குசினியிலை. அவவுக்கு இதிலை ஒண்டும் தெரியாது."

உதயகுமாரி குசினிக்குப் போனார். கபிலன் பின்னால் போக எழுந்து, மனைவியின் ஒரு பார்வையில் மீண்டும் இருந்தார்; பிளாஸ்ரிக் நொறுநொறுத்தது. உள்ளே எண்ணெய் இரையும் சத்தமும், இரண்டு பெண்கள் ஆறுதலாகக் கதைக்கும் சத்தமும், ஒருமுறை சிரிப்பும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் சிறிதேவி வடைத் தட்டுடனும், உதயகுமாரி ஒரு சமையல் தராசுடனும் வெளியே வந்தார்கள். சிறிதேவி தட்டை வைத்துவிட்டுத் திரும்பப் போனார்.

"நீங்களும் இருங்கோ அக்கா," என்றார் உதயகுமாரி.

இருக்க இடமிருக்கவில்லை. கபிலன் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார்.

"தங்கச்சி, கூட்டம் தொடங்கவேணும்," என்றார் மகேந்திரராசா. "ஆறு மணிக்கு நான் மெயில் அனுப்பவேணும்."

"தொடங்குவம் அண்ணை. முதலிலை ஒரு சின்னச் சந்தேகம். யதுர்ஷா, அந்த மோர்கன் டொலர் என்ன நிறை இருக்கவேணும்?"

அறையின் மறுகோடியிலிருந்து அவள் யோசிக்காமல் சொன்னாள்: "இருபத்தாறே முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு."

உதயகுமாரி தராசை மேசையில் வைத்து, டொலரை அதன்மேல் வைத்தார். தராசு 26.7 என்று காட்டியது. சாய் குனிந்து பார்த்தார். பிறகு தராசில் பிழையிருக்கலாம் என்று பொதுவாக ஒரு கருத்துத் தெரிவித்தார்.

"இருக்கலாம். அதனாலை தராசை விடுவம். இந்தப் பெரிய டிவியிலை பிள்ளையின்ரை படத்தைப் போடலாமோ?"

யதுர்ஷா மடிக்கணினியை இணைத்தாள். சுவரளவு திரையில் வானவில் டொலர் எழுந்தது. சபை பெருமூச்சு விட்டது.

"கன்னத்தைப் பெரிசாக்கு. கண்ணுக்குக் கீழை. என்ன தெரியுது?"

"நெல்லு மாதிரி ஒரு வடு," என்றார் கபிலன், தன்னை யாரும் கேட்காத போதும்.

"இப்ப சாய் தம்பி, உங்கடை கண்ணாடியாலை, கையிலை இருக்கிற இந்தப் போலியின்ரை கன்னத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

சாய் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "அதே இடம்," என்றார் மெதுவாக. "அதே சாய்வு."

"ஆண்டும் அதே. கார்சன் சிற்றி எழுத்தும் அதே. நிறையும் அதே. போலி செய்யிறவன் கன்னத்துக் காயத்தையும் தேடிப் பிடிச்சுச் செய்தவனோ? அப்பிடிச் செய்யத் தெரிஞ்சவனுக்கு நிறத்தை மட்டும் செய்ய ஏன் தெரியாமல் போனது?" உதயகுமாரி தேநீரை ஒரு வாய் குடித்தார். "அண்ணை, உங்கடை டொலர் எங்கையும் போகேல்லை. நேற்று மைக்கிலை நிண்டு போலி எண்டு சொன்னீங்களே, அது உங்கடை டொலர்தான்."

மகேந்திரராசா சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பது வாடகை குறைக்கக் கேட்பவர்களிடம் மட்டும்தான். "என்ரை டொலரை எனக்குத் தெரியாதோ?"

"அதைத்தான் நானும் யோசிச்சனான். சரி, களவு எண்டே வைப்பம். அப்பிடியெண்டால் கள்ளன் இந்தச் செப்புக் காசுகளையும் ஏன் மாத்தினவன்?" அவர் தட்டைத் தூக்கிக் காட்டினார். "திரையிலை அடுத்த படத்தைப் போடு பிள்ளை."

சொக்லேட் நிறத் தட்டு திரையில் வந்தது. கீழே மேசையில் அதே தட்டு, இளஞ்சிவப்பில். உறுப்பினர்கள் மேலும் கீழும் பார்த்தார்கள். யாரோ ஒருவர் வடையைப் பாதியில் நிறுத்தினார்.

"ஒண்டுக்கு ஒரு பீட்சாக் காசு மட்டும் பெறுற சதங்கள். ஒவ்வொண்டுக்கும் போலி செய்து, ஒவ்வொண்டாய் மாத்திற கள்ளன் உலகத்திலை இல்லை. ஆனா ஒரே கை வெள்ளியையும் செம்பையும் ஒரே நாளிலை வெளுக்கப்பண்ணியிருக்கு. வெள்ளிக்கு ஒரு மருந்து, செம்புக்கு இன்னொரு மருந்து. நோர்வேக்காரர் வீட்டிலை எண்டால் போத்தலிலை வாங்கின ஏதோ ஒண்டைப் பாவிச்சிருப்பினம். இந்த எழுத்துக்குள்ளை கிடக்கிற வெள்ளைப் பொடியை நான் மணந்து பாத்தனான். பிளாஸ்டர் சந்தன வாசம் வராது, சாய் தம்பி. இது திருநீறு."

சாய் பூதக்கண்ணாடியைச் சட்டைக்குள் விட்டார்.

உதயகுமாரி திரும்பினார். "அக்கா, சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் என்னென்ன மினுக்கினீங்கள் எண்டு குசினியிலை சொன்னீங்களே. அதை இவைக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

சிறிதேவி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். இந்த வீட்டுக் கூட்டங்களில் அவரிடம் இதுவரை கேட்கப்பட்ட ஒரே கேள்வி, தேநீர் வருமா என்பது.

"வழக்கமாய்ச் செய்யிறதுதான். குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் பழப்புளி போட்டு. வெள்ளிக் கிண்ணம், குங்குமச் சிமிழ் திருநீறு போட்டு. பிறகு இவற்றை காசுகள். செம்புக் காசைப் புளியிலை ஊறவைச்சனான். அந்தப் பெரிய வெள்ளிக் காசு ஒரே நீலமும் ஊதாவுமாய், எண்ணெய்ப் பிசுக்குப் பிடிச்ச மாதிரிக் கிடந்தது. அதுக்குத்தான் வலு நேரம் எடுத்தது. தேய்ச்சுத் தேய்ச்சு கை நொந்துபோச்சு."

உறுப்பினர்கள் மேசையிலிருந்த டொலரை எட்டிப் பார்த்தார்கள்.

"நீ... என்ரை டொலரை... தேய்ச்சனியோ?" என்றார் மகேந்திரராசா.

"நீங்கள்தானே சொன்னனீங்கள், காசுப் பெட்டியைப் பூசையிலை வைக்கப்போறன், வீடியோ எடுக்கப்போறன், தட்டிலை இருக்கிறதெல்லாம் மினுங்கவேணும் எண்டு. அம்மாளாச்சிக்கு முன்னாலை ஊத்தையை வைக்கிறதே?"

"வீடியோவிலை நீங்கள் பாக்கேல்லையோ அண்ணை?" என்று உதயகுமாரி இதமாகக் கேட்டார்.

பார்த்திருந்தார். ஆனால் அந்த வீடியோவில் பெட்டி மூடியிருந்தது; முன்னால் அவர் நின்றார்.

"ஏன் நேற்றே சொல்லேல்லை?" என்றார் மகேந்திரராசா. "அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் கத்தினபோது?"

"நான் மண்டபத்துக் குசினியிலை வடை சுட்டுக்கொண்டு நிண்டனான். காசு களவு போட்டுது எண்டு வந்து சொல்லிச்சினம். ஐயோ, நான் பட்ட பாடெல்லாம் வீணாய்ப்போச்சே எண்டு நினைச்சன். பிறகு நீங்கள் அதைப் பேணிக்குள்ளை பூட்டிப்போட்டீங்கள், நான் காணேல்லை." சிறிதேவி சற்று யோசித்தார். "வீட்டுக்கு வந்தும் எல்லாரும் ஆர் எடுத்தது, ஆர் எடுத்தது எண்டுதான் கேட்டீங்கள். ஆர் கழுவினது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

முதலில் சிரித்தவர் பேரவையின் பொருளாளர். வாடகை வீட்டில் இருப்பவர் என்பதால் அதை இருமலாக மாற்ற முயன்றார். முடியவில்லை. பிறகு பிளாஸ்ரிக் சோபாக்கள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின. சிறிதேவிக்கும் சிரிப்பு வந்தது. கபிலன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சாயின் கையைப் பற்றிக் குலுக்கி, "குறை நினையாதையும் தம்பி," என்றார். எதற்கென்று சாய்க்குக் கடைசிவரை தெரியவில்லை.

மகேந்திரராசா பொன்னாடையைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தார். அதன்பின் அவர் சற்றுச் சின்ன மனிதராகத் தெரிந்தார். "இதை இப்ப என்ன செய்யிறது?" என்றார். "திரும்ப நிறம் வராதோ?"

சாய் கூரையைப் பார்த்தார். ஒவ்வொருவராக எல்லோருடைய பார்வையும் யதுர்ஷாவிடம் போனது.

அவள் எழுந்து வந்தாள். மேசைக்கு அருகில் இருந்து, நேற்றிலிருந்து அவளை நெருங்கவிடாத டொலரை இரு விரல்களால் ஓரத்தில் மட்டும் பிடித்து, யன்னல் வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. அவசரப்படவில்லை. காத்திருந்தவர்களில் ஒருவருக்கும் அவசரப்படுத்தத் துணிவில்லை.

"அசல்," என்றாள்.

கபிலன் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள், யாரும் தீர்மானம் முன்மொழியாமலே.

"அசல்தான் மாமா. ஆனா கழுவினது. நீலமும் ஊதாவும் தேய்ஞ்சுபோச்சு, முகத்திலை மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கு. அந்த நிறம் திரும்ப வராது. ஒரு நூறு வருசம் துணிப்பையிலை போட்டு வைச்சுப் பாக்கலாம்."

"அப்ப விலை?"

"புதுக் கார் இல்லை. நல்ல எலெக்ட்ரிக் சைக்கிள் ஒண்டு வாங்கலாம்." அவள் சுவரைக் காட்டினாள். "அந்த நோட்டைப் பற்றி இண்டைக்குக் கேக்காதேங்கோ. ஒரே நாளிலை ரெண்டு தாங்கமாட்டீங்கள்."

மகேந்திரராசா தொண்டையைச் செருமினார். பேச்சு வருமென்று எல்லோருக்கும் தெரிந்தது, வந்தது. பேரவை சார்பில் வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் ஒன்றை முன்மொழிவதாகவும், யதுர்ஷாவுக்கு ஒரு பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கலாம் எனவும், பொன்னாடை தயாராகவே இருப்பதாகவும் சொன்னார். பொருளாளர் வழிமொழியக் கை தூக்கினார்.

"எனக்கு அது வேண்டாம் மாமா," என்றாள் யதுர்ஷா. "மெயில் எழுதுங்கோ."

"பிறகு ஆறுதலாய்..."

"இப்ப. ஆறு மணிக்கு எழுதுறது எண்டுதானே இருந்தனீங்கள். நேரம் கிடக்கு."

உதயகுமாரி வடையொன்றை எடுத்துக்கொண்டார். இனித் தனக்கு வேலையில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

மகேந்திரராசா மடிக்கணினியை இழுத்து, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். 'சில தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தெளிவின்மை' என்று ஒரு வரி நோர்வேஜிய மொழியில் உருவானது. யதுர்ஷா அதை வாசித்துவிட்டு அழித்தாள்.

"நான் சொல்லுறன். நீங்கள் தட்டுங்கோ." அவள் நோர்வேஜிய மொழியில் சொல்லத் தொடங்கினாள். "நேற்று நான் எழுதினது பிழை. நாணயம் களவு போகவில்லை. அது என் வீட்டில், என் சொற்படி, கழுவப்பட்டது. என்னாலோ எங்கள் நிபுணராலோ அதை அடையாளம் காண முடியவில்லை. அது அசல் என்று இன்று சபை முன்னால் உறுதிசெய்தவர் உங்கள் ஊழியர் யதுர்ஷா."

"நிபுணர் வேணாமே," என்றார் சாய்.

"கிடக்கட்டும்," என்றார் சிறிதேவி.

'என் சொற்படி' என்ற இடத்தில் மகேந்திரராசாவின் விரல் நீண்ட நேரம் அந்தரத்தில் நின்றது. சிறிதேவி தேநீர்க் கோப்பையை அவருக்கு அருகில் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். விரல் இறங்கியது. கடைசி வரி முடிந்தது. கீழே வழக்கப்படி நிறுவனர், தலைவர், ஆயுட்காலப் போஷகர் என்று மூன்று வரி தானாகவே விழுந்தது; அதை யாரும் தடுக்கவில்லை.

அனுப்பும் பொத்தானுக்கு மேல் அவர் தயங்கினார். "ஒருக்கா எழுத்துப்பிழை பாத்திட்டு..."

யதுர்ஷா கையை நீட்டி, தானே அழுத்தினாள்.